செடிக்குள் பாக்டீரியா இன்னும் இருக்கிறதா?

ஊருக்குப் போகும்போதெல்லாம் சித்தி கேட்பது ஒரே கேள்விதான்: "கிருமியைச் செடிக்குள்ள ஏத்துறீங்களாமே, அப்புறம் அது அங்கேயே இருந்துடாதா?" இருக்காது சித்தி என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிடுவேன். அந்த அவசரப் பதில் பாதிதான் சரி. திசு வளர்ப்புக் கூடத்தில் இத்தனை வருடமாக எனக்குத் தலைவலி கொடுப்பதும் அதே கேள்விதான்.

செடிக்குள் புது மரபணுவை ஏற்ற நாங்கள் பயன்படுத்தும் பாக்டீரியாவின் பெயர் அக்ரோபாக்டீரியம். அது மண்ணில் வாழ்வது. சில செடிகளில் தண்டும் வேரும் சேரும் இடத்தில் கழலை மாதிரி வீக்கம் வருவதற்கு இந்தப் பாக்டீரியாதான் காரணம் என்று 1907-இல் அமெரிக்காவில் எர்வின் ஸ்மித்தும் டவுன்செண்டும் காட்டினார்கள். 1977-இல் மேரி டெல் சில்டன் குழு அடுத்த முடிச்சை அவிழ்த்தது. பாக்டீரியாவின் பிளாஸ்மிட் என்ற வளைய டி.என்.ஏ.விலிருந்து ஒரு துண்டு மட்டும் செடியின் செல்லுக்குள் போய்ச் சேர்கிறது. பாக்டீரியா செல்லுக்கு வெளியேதான் நிற்கிறது.

அந்தத் துண்டில் இயல்பாக என்ன இருக்கும்? வீக்கத்தை வளர்க்கும் ஹார்மோன்களுக்கான மரபணுக்கள், கூடவே ஒபைன் என்ற பொருளைத் தயாரிக்கும் மரபணுக்கள். ஒபைன் அந்தப் பாக்டீரியாவுக்குத் தீனி. செடியின் அடுப்பிலேயே தனக்குச் சமையல் செய்துகொள்ளும் கெட்டிக்காரத்தனம்! நாங்கள் வீக்க மரபணுக்களை எடுத்துவிட்டு, வேண்டிய மரபணுவை அந்த இடத்தில் வைக்கிறோம். 1983-இல் இப்படித்தான் மரபணு மாற்றிய புகையிலைச் செடிகள் உருவாயின. மனிதர் கைபடாமலும் இது நடந்திருக்கிறது. சித்தி பொங்கலுக்கு வாங்கும் சர்க்கரைவள்ளிக்கிழங்கில் அக்ரோபாக்டீரியத்தின் மரபணுக்கள் பழங்காலம் தொட்டே இருப்பதை 2015-இல் கண்டுபிடித்தார்கள்.

கூடத்தில் வேலை எளிதாகத்தான் தெரியும். புகையிலை இலையைச் சிறு வட்டங்களாக வெட்டிப் பாக்டீரியா கரைசலில் சில நிமிடம் ஊறவைப்போம். வெட்டுக் காயத்தில் கசியும் ஃபீனால் பொருள்கள்தான் பாக்டீரியாவுக்கு அழைப்பு. இரண்டு மூன்று நாள் இருட்டில் சேர்ந்து இருக்கவிடுவோம். அறை 30 டிகிரியைத் தாண்டினால் டி.என்.ஏ.வைக் கடத்தும் வேலை படுத்துவிடும். மே மாத மின்வெட்டில் ஏ.சி. நின்று ஒரு தொகுதி முழுவதையும் இழந்திருக்கிறோம். அப்புறம் செஃபோடாக்சிம் என்ற கிருமிக்கொல்லி மருந்து கலந்த ஊடகத்துக்கு, அதாவது இலைத் துண்டு வளரும் சத்துக்கூழுக்கு, மாற்றிப் பாக்டீரியாவைக் கொல்ல வேண்டும். அதே ஊடகத்தில் கேனமைசின் என்ற இன்னொரு மருந்தும் இருக்கும். புது மரபணுவோடு கேனமைசினைத் தாங்கும் மரபணுவையும் சேர்த்தே அனுப்புவதால், அதை வாங்கிக்கொண்ட செல்கள் பச்சையாகத் துளிர்க்கும், மற்றவை வெளிறும்.

கணக்கு இப்படி. ஆனால் செஃபோடாக்சிம் எல்லாவற்றையும் கொன்றுவிடுவதில்லை. இலைக்குள் செல்களுக்கு நடுவே இருக்கும் சந்துகளில் சில பதுங்கிக்கொள்ளும். மருந்தில்லாத ஊடகத்துக்கு மாற்றிய சில நாளில் தண்டின் அடியில் வெள்ளையாக ஒரு கலங்கல் படர்ந்தால், அதுதான் அது. கலங்கல் தெரிந்தால்கூடப் பரவாயில்லை. தெரியாமல் இருப்பதுதான் ஆபத்து.

புராஜெக்ட் செய்ய வந்த ஒரு மாணவி ஏழு செடிகளுக்கு, வேண்டிய டி.என்.ஏ. துண்டைப் பல மடங்கு பெருக்கிக் காட்டும் பி.சி.ஆர். சோதனை செய்து, புது மரபணு இருப்பதைக் காட்டும் பட்டை ஏழிலும் வந்துவிட்டது என்று ஓடிவந்தாள். அரைத்த இலையில் பாக்டீரியா ஒட்டியிருந்தால், அதற்குள் இருக்கும் பிளாஸ்மிட்டே அந்தப் பட்டையைக் கொடுத்துவிடுமே! செடிக்குள் போகாமல் பாக்டீரியாவிலேயே தங்கிவிடுபவை விர் மரபணுக்கள். அவற்றுக்கான பிரைமரை, அதாவது எந்தத் துண்டைப் பெருக்க வேண்டும் என்று குறிக்கும் சிறு டி.என்.ஏ.வை, வைத்து மறுபடி ஓட்டச் சொன்னேன். ஐந்தில் விர் பட்டையும் வந்தது. அந்த ஐந்தைப் பற்றி ஒன்றுமே சொல்ல முடியாது. பக்கத்துத் துளிர்களின் நிழலில் கேனமைசினுக்குத் தப்பிய வெறும் செடிகளாகவும் இருக்கலாம். புகுத்திய கஸ் மரபணு வேலை செய்தால் நீலச் சாயம் காட்டும் கஸ் சோதனையிலும் இதே வம்பு உண்டு. அதனால்தான் அந்த மரபணுவுக்குள் செடியால் வெட்டி நீக்க முடிந்த, பாக்டீரியாவால் முடியாத, இன்ட்ரான் என்ற ஒரு குறுக்குத் துண்டைச் செருகி வைப்பார்கள்.

ஒரே பி.சி.ஆர். படத்தோடு ஆய்வேடு சமர்ப்பிக்கும் வழக்கம் கல்லூரிகளில் இருக்கிறது. வழிகாட்டிகள் இதற்குக் கையெழுத்துப் போடக்கூடாது என்பது என் கருத்து. விர் சோதனைக்கு ஆகும் கூடுதல் செலவு ஒரு ஜோடி பிரைமர், அவ்வளவுதான். முடிந்தால், மரபணு செடியின் டி.என்.ஏ.விலேயே பதிந்திருக்கிறதா என்று காட்டும் சதர்ன் பிளாட் சோதனையும் செய்ய வேண்டும்.

அந்த மாணவி ஒரு செடியைத் தொட்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்றும் கேட்டாள். ஆசை புரிகிறது, ஆனால் கூடாது. 1989-ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகளின்படி இந்த வேலை நிறுவனத்தின் உயிரிப் பாதுகாப்புக் குழுவின் கண்காணிப்பில் நடப்பது. துளிரோ, தட்டோ, கழுவிய தண்ணீரோ எதுவும் ஆட்டோகிளேவ் என்ற உயர் அழுத்த நீராவிக் கலத்தில் வேகாமல் வெளியே போகாது.

ஐந்து செடிகளும் 121 டிகிரியில் வெந்து குப்பைக்குப் போயின. மீதி இரண்டும் பூத்து விதை வைத்துவிட்டன. விதை வழி வரும் தலைமுறையில் பாக்டீரியா குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். போன வாரம் அந்த விதைகளைக் கேனமைசின் தட்டில் தூவியிருக்கிறாள். மரபணு ஒரே இடத்தில் பதிந்திருந்தால் மூன்று பச்சைக்கு ஒரு வெளிறிய நாற்று வர வேண்டும். காலையில் பார்த்தேன், முளை இப்போதுதான் எட்டிப்பார்க்கிறது.