தணிவிசிறி: 'கூலிங் ஃபேன்' என்பதற்கு ஒரு தமிழ்ச் சொல்

கோத்தகிரியில் எங்கள் வீட்டு உத்தரத்தில் மின்விசிறி மாட்டக் கொக்கிகூடக் கிடையாது. இம்மலையில் பல வீடுகள் அப்படித்தான். ஆகவே எங்களிடம் உள்ள விசிறிகள் எல்லாம் மேசைக் கணினியின் பெட்டிக்குள்தான் இருக்கின்றன. அவற்றுள் ஒன்று அண்மையில் கரகரக்கத் தொடங்கியபோது, கடைத்தெருவில் கணினிப் பொருள் விற்பவரிடம் சென்று, சத்தம் குறைந்த, விளக்கு எரிகிற, விலை அதிகமில்லாத விசிறி வேண்டும் என்றேன். “கூலிங் ஃபேனா சார்? இந்தக் குளிருக்கு அது எதுக்கு?” என்று அவர் சிரித்தார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. 'கூலிங்' என்னும் அடைமொழி அப்படித்தான் நினைக்க வைக்கிறது.

'ஃபேன்' என்னும் ஆங்கிலச் சொல் இலத்தீன் மொழியின் 'வன்னுஸ்' என்பதிலிருந்து வந்தது. வன்னுஸ் என்பது தானியத்திலிருந்து பதரைப் பிரிக்கும் அகன்ற கூடை. நம் முறத்துக்கும் சுளகுக்கும் ஒப்பானது. பழைய ஆங்கிலத்தில் நுழைந்தபோதும் அச்சொல் பதர் தூற்றும் கருவியையே குறித்தது. முகத்துக்கு நேரே அசைத்துக்கொள்ளும் பொருளுக்கும், சுழலும் இதழ்கள் கொண்ட பொறிக்கும் அது பிற்காலத்தில்தான் பெயராயிற்று. குளிர்ச்சி என்னும் கருத்து அதன் வேரில் இல்லை.

தமிழ்ச் சொல்லின் வேரிலும் இல்லை. துருவு என்னும் வினையிலிருந்து துருவி பிறந்தது போல, விசிறு என்னும் வினையோடு இகரம் சேர்ந்து விசிறி என்னும் கருவிப்பெயர் பிறந்தது. மீனவர் வலையை விசிறுகிறார். உழவர் விதையை விசிறுகிறார். கையிலுள்ளதைப் பரவலாக எறிவதே விசிறுதல். 'சிவிறி' என்றொரு பழஞ்சொல் நீரைப் பீச்சும் கருவிக்கும் விசிறிக்கும் பொதுவாக வழங்கியதை அகராதிகள் பதிந்துள்ளன. எறியப்படுவது நீரா காற்றா என்பது இரண்டாம் பட்சம், எறிதலே முதன்மை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. அரச முரசை வைக்கும் முரசுகட்டிலில் அறியாது உறங்கிவிட்ட புலவர் மோசிகீரனாருக்குச் சேர மன்னன் காற்று வீசிய செய்தியைக் கூறும் புறநானூற்று 50ஆம் பாடலும் 'தண்ணென வீசியோயே' என்றுதான் சொல்கிறது. அங்கே வினை வீசுதல். தண்மை அவ்வினையின் பயன். இரண்டையும் பாட்டு குழப்பவில்லை.

இடையில் ஒன்று. திரைநடிகரின் 'விசிறி' என்று எழுதுகிறோமே, அந்த 'ஃபேன்' வேறு சொல். அது 'ஃபனாட்டிக்' என்பதன் குறுக்கம். அதன் மூலம் கோயிலைக் குறிக்கும் இலத்தீன் 'ஃபானும்'. ஒலி ஒன்றாயிருந்ததால் நாம் தவறாக மொழிபெயர்த்துக்கொண்ட அச்சொல் இனி மாறப்போவதில்லை.

கணினிக்குள் சுழலும் விசிறி காற்றைக் குளிரவைப்பதில்லை. உள்ளே சூடேறிய காற்றை வெளியே எறிந்து, அறைக் காற்றை உள்ளே இழுக்கிறது. ஆகவே எத்தனை விசிறி மாட்டினாலும் பெட்டி அறையைவிடக் குளிராது. இம்மலையில் இன்னொரு நுட்பமும் உண்டு. உதகையின் 2,240 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஒரே வேகத்தில் சுழலும் விசிறி அதே கன அளவு காற்றைத்தான் எறியும்; ஆனால் அக்காற்றின் எடை குறைவென்பதால் அது சுமந்து செல்லும் வெப்பமும் குறையும். சமவெளியில் பெட்டிக் காற்று அறைக் காற்றைவிட 10 பாகை (டிகிரி செல்சியஸ்) சூடேறுமானால், உதகையில் 12.5 பாகை ஏறும். ஆயினும் சமவெளியில் 32 பாகையில் தொடங்கும் காற்று 42க்குப் போகும்போது, உதகையில் 18இல் தொடங்கி 30.5இல் நின்றுவிடுகிறது. கடைக்காரரின் கேள்விக்கு விடை இதுவே: விசிறி இங்கும் வேண்டும், ஆனால் அதை மெதுவாகச் சுழலவிடலாம்.

மெதுவாகச் சுழல்வதில்தான் அமைதி இருக்கிறது. வேகம் பாதியானால் எறியப்படும் காற்றும் பாதியாகிறது. இரைச்சலோ சுமார் 15 டெசிபல் குறைகிறது. ஒரே மாதிரியான இரண்டு விசிறிகள் சேர்ந்தால் இரைச்சல் 3 டெசிபல் மட்டுமே கூடுமாதலால், ஒன்றை முழு வேகத்தில் ஓட்டுவதைவிட இரண்டை அரை வேகத்தில் ஓட்டுவது ஏறத்தாழ அதே காற்றை 12 டெசிபல் குறைந்த இரைச்சலில் தரும். எனவே விலையுயர்ந்த ஒன்றைவிட, மூன்றாகக் கட்டி விற்கும் நடுத்தர விலை விசிறிகளே எனக்கு அறிவான தேர்வாகத் தோன்றுகின்றன. ஒரு நிபந்தனை: வேகம் பாதியானால் அழுத்தம் கால் பங்காகிவிடும், முகப்பில் கண்ணாடி அடைத்த பெட்டியில் அக்காற்று திணறும், வலைமுகப்பு வேண்டும். அளவில் 80 மி.மீ. விசிறியைவிட 120 அல்லது 140 மி.மீ. விசிறி குறைந்த வேகத்திலேயே அதே காற்றைத் தரும். சமவெளியில் தலைக்குமேல் ஓடும் மின்விசிறியின் ஓசை கணினியின் ஓசையை மூடிவிடுகிறது. மழை ஓய்ந்த கோத்தகிரி இரவில் அப்படி மூடுவதற்கு எதுவும் இல்லை.

மிகமலிவான ஒளி விசிறிகளில் மறைந்திருக்கும் குறை இதுதான்: மின்வழங்கியின் மோலெக்ஸ் இணைப்பில் நேரே செருகப்படுபவை எப்போதும் முழு வேகத்திலேயே ஓடும். 3 ஊசி இணைப்புள்ளவற்றின் வேகத்தை மின்னழுத்தத்தால் குறைக்கலாம். ஆனால் ஒற்றை நிற விளக்கும் அதே கம்பியில் இருந்தால் ஒளியும் மங்கும். 4 ஊசி கொண்ட, துடிப்பின் அகலத்தை மாற்றி வேகத்தைக் கட்டுப்படுத்தும் பி.டபிள்யூ.எம். விசிறியில் இத்தொல்லை இல்லை. அதன் கட்டுப்பாட்டுத் துடிப்பு நொடிக்கு 25,000 முறை நிகழ்வதால் காதுக்கும் எட்டாது.

இனிப் பெயர். கடைகளில் 'கேபினட் ஃபேன்' என்கிறார்கள். பெட்டிவிசிறி என்றால் அதற்கு நேராகும், ஆனால் அது இருக்குமிடத்தை மட்டும் சொல்கிறது. 'குளிர்விசிறி' பழைய மயக்கத்தையே தமிழில் திரும்பக் கொண்டுவருகிறது. காய்ச்சல் தணிந்தது, வெயில் தணிந்தது என்கிறோம்; இருந்த வெப்பம் இறங்கியது என்பதே பொருள், புதிதாகக் குளிர் உண்டானது என்பதன்று. ஆகையால் தணிவிசிறி என்பதே என் பரிந்துரை. விளக்குள்ளதை 'ஒளிவிசிறி' என்றால் ஒளியை விசிறுவது என்று பொருள்பட்டுவிடும். ஒளிர்விசிறி என்றால் வினைத்தொகையாகி, ஒளிரும் விசிறி என்று சரியாக விரியும்.

ஒளிர்விசிறிகளிலும் இரண்டு இனம் உண்டு. எல்லா விளக்கும் ஒரே நேரத்தில் ஒரே நிறம் காட்டும் ஆர்.ஜி.பி. வகையின் விளக்கு இணைப்புக்கு 12 வோல்ட், 4 ஊசி. ஒவ்வொரு விளக்கும் தனித்தனி நிறம் காட்டும் ஏ.ஆர்.ஜி.பி. வகையின் விளக்கு இணைப்புக்கு 5 வோல்ட், 3 ஊசி. பின்னதை 12 வோல்ட்டில் செருகினால் விளக்குகள் எரிந்துபோகும். நான் சீட்டில் 'ஒளிர்விசிறி, 120 மி.மீ., 5 வோல்ட், மூன்று' என்று எழுதிக் கொடுத்தேன். கடைக்காரர் ஒருமுறை உரக்கப் படித்துவிட்டு, கோவைக்குச் சொல்லியனுப்பும் பட்டியலில் 'லைட் ஃபேன் 3' என்று குறித்துக்கொண்டார்.