மானியத்துக்கு மனு எழுதும் முன் நிலத்தின் காகிதத்தைப் பாருங்கள்

ராமநாதபுரம் நகரை ஒட்டிய பட்டினம்காத்தான், சக்கரக்கோட்டை போன்ற ஊராட்சிகளில் வீடுகள் முதலில் வந்துவிடுகின்றன. வாறுகால், தெருவிளக்கு, அங்கன்வாடி, பூங்கா எல்லாம் பின்னால்தான். தெருக்காரர்கள் கூடி மனுக் கொடுக்கிறார்கள், நிதி ஒதுக்குவதாகப் பதிலும் வருகிறது. அதன் பிறகும் வேலை தொடங்காமல் நிதியாண்டு முடிந்துபோவது உண்டு. பெரும்பாலும் இடறுவது நிலத்தில்தான்.

அரசுப் பணத்தில் கட்டும் எதுவும் அரசின் அல்லது உள்ளாட்சியின் நிலத்தில் இருக்க வேண்டும். "காலி இடம்தானே, ஊர்ப் பொது இடம்தானே" என்று கைகாட்டினால் போதாது. சர்வே எண்ணைக் கொண்டு 'அ' பதிவேட்டில், அதாவது ஒவ்வொரு நிலமும் என்ன வகை என்று எழுதியிருக்கும் வருவாய்த் துறைப் பதிவேட்டில், வகைப்பாட்டைப் பாருங்கள். கண்மாய், ஊருணி, ஓடை என்று இருந்தால் அங்கே கட்டடத்துக்கு இடமில்லை, தண்ணீர் வற்றி எத்தனை வருடம் ஆகியிருந்தாலும் சரி. நீர்நிலைப் புறம்போக்கில் எழுப்பிய கட்டடத்தை நீதிமன்றம் இடிக்கச் சொன்னால் மானியமும் மண்ணோடு போகும். வேறு வகைப் புறம்போக்கு என்றால், வருவாய்த் துறையிடம் நில மாற்ற ஆணை கேட்டு விண்ணப்பிக்கலாம். அதற்கு மாதக்கணக்கில் ஆகும் என்பதால் மனுவுக்கு முன்பே தொடங்கிவிட வேண்டும்.

மனைப்பிரிவுகளில் கதை வேறு. 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு (ஏறத்தாழ 2 ஏக்கர் 47 சென்ட்) மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளிக்கு ஒதுக்கி, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தர வேண்டும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை, இடம் விட முடியாதவர் வழிகாட்டி மதிப்பின்படி பணம் கட்டலாம். 3,000-க்குள், அதாவது சுமார் 74 சென்டுக்குள், இந்தக் கட்டாயமே இல்லை. ஒரே தோட்டத்தைத் துண்டு துண்டாக்கி 70 சென்ட், 70 சென்டாக அனுமதி வாங்கினால் நூறு வீடு வந்த பிறகும் பூங்காவுக்கு ஒரு சென்ட்கூட இராது. மனை வாங்கும்போதே கேட்க வேண்டிய கேள்வி இது.

தானப் பத்திரம் பதிவானதோடு நின்றுவிடவும் கூடாது. பட்டா பழைய உரிமையாளர் பெயரிலேயே தொடர்ந்தால் அதே இடம் மறுபடி விற்பனைக்கு வரக்கூடும். வில்லங்கச் சான்று, பட்டா, புல வரைபடம் மூன்றையும் எடுத்து, ஊராட்சி பெயருக்கு மாறியிருக்கிறதா என்று பாருங்கள். மாறவில்லையென்றால் ஊராட்சிச் செயலர் வழியாக வட்டாட்சியருக்குப் பட்டா மாறுதல் மனு. சாலைகளுக்கும் இதே கதைதான். தானமாக ஒப்படைக்காத சாலையில் ஊராட்சி தார் போடாது.

மண்டபம், கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டிப் பக்கம் என்றால் இன்னொன்று சேரும். உயர் ஓதக் கோட்டிலிருந்து, அதாவது கடல் ஏற்றத்தின்போது தண்ணீர் எட்டும் எல்லையிலிருந்து, நிலத்தின் பக்கம் 500 மீட்டர் வரை கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம். ஊர் மக்களுக்கான பள்ளி, மருந்தகம், பொதுக் கழிப்பறை, சாலை, குடிநீர், வடிகால் ஆகியவற்றை இங்கே ஒரேயடியாகத் தடுக்கவில்லை. ஒவ்வொன்றையும் தனித்தனியே பரிசீலித்து அனுமதிக்க வழி இருக்கிறது. மண்டல வரைபடத்தில் உங்கள் சர்வே எண் எங்கே விழுகிறது என்பதை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் முதலில் பார்த்துவிட்டால் அலைச்சல் மிச்சம்.

நிதி எங்கிருந்து? சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி, நாடாளுமன்ற உறுப்பினர் நிதி 5 கோடி. தொகுதி முழுவதற்கும் அதுதான் என்பதால் போட்டி அதிகம். 15-ஆவது நிதிக்குழு 2021-26 காலத்துக்குத் தந்த மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டிவைக்கப்பட்டது. அந்தப் பங்கிலிருந்து பூங்கா கேட்டு எழுதிய மனு திரும்பித்தான் வந்தது. அதிகம் பயன்படுத்தாமல் விடப்படுவது 'நமக்கு நாமே' திட்டம். ஊரகப் பகுதியில் மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் போட வேண்டும், ஆதிதிராவிடர், பழங்குடியினர் அதிகம் வாழும் குடியிருப்பில் ஐந்தில் ஒரு பங்கு. 15 லட்ச ரூபாய் வேலைக்கு 5 லட்சம், அல்லது 3 லட்சம். மக்கள் பங்கு பாதியைத் தொட்டால், வேலையைத் தாங்களே எடுத்துச் செய்யவும் வழியுண்டு. வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர்கள் அனுப்பும் பணம் இங்கே நன்றாகப் பயன்படும். யார் கையிலும் ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியே கட்டி ரசீது வாங்குங்கள். எந்த நிதியானாலும் கிராம சபைத் தீர்மானத்தில் வேலையின் பெயரோடு சர்வே எண்ணும் இருக்கட்டும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆறு நாட்கள் இருக்கின்றன.

இனி மதிப்பீடு. இந்தக் கரையில் கட்டடத்தைத் தின்பது உப்பு. உள்மாவட்டத்துக்குப் போட்ட மாதிரி மதிப்பீட்டை அப்படியே இங்கே கொண்டுவந்தால், சில வருடங்களிலேயே தூணில் நெடுக்கு வெடிப்பு விழும், பிறகு காரை உதிர்ந்து துருக் கம்பி வெளியே தெரியும். உப்பு கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் துருவாக்குகிறது. துரு கம்பியைவிட அதிக இடம் பிடிப்பதால் உள்ளிருந்தே கான்கிரீட்டைப் பிளக்கிறது. கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநூல் ஐ.எஸ். 456 கடற்கரைச் சூழலுக்குக் கேட்பது எம்-30 தரம் (எண் கூடக் கூட வலிமை கூடும்), கன மீட்டருக்குக் குறைந்தது 320 கிலோ சிமென்ட், தண்ணீர்-சிமென்ட் விகிதம் 0.45-க்குள், கம்பிக்கு வெளியே 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மறைப்பு. அலைச்சாரல் படும் இடத்துக்கு எம்-35, 50 மில்லிமீட்டர். தொழில்நுட்ப அனுமதிக்கு முன் இதைச் சேர்க்கச் சொல்லிப் பொறியாளரிடம் எழுத்தில் கேளுங்கள். ஒப்பந்தப்புள்ளி முடிந்த பிறகு தரத்தை உயர்த்தக் கேட்டால் கூடுதல் பணத்துக்கு வழியிராது.

கலவைத் தண்ணீரும் முக்கியம். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. நம் ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றில் அதைவிடக் கூடுதல் உப்பு. பரிசோதித்துவிட்டு, தேறாவிட்டால் நல்ல தண்ணீர் லாரிக்கான செலவை மதிப்பீட்டிலேயே எழுத வேண்டும். எழுதாத செலவை ஒப்பந்ததாரர் தன் கையிலிருந்து செய்ய மாட்டார், பக்கத்துக் கிணற்றில் மோட்டார் போடுவார். நீராற்றுவதற்கும், அதாவது போட்ட கான்கிரீட்டை ஈரமாகவே வைத்திருப்பதற்கும், நல்ல தண்ணீர்தான். இந்த வெயிலில் சாதாரண சிமென்டுக்கு 10 நாள், சாம்பல் கலந்த சிமென்டுக்கு 14 நாள். கான்கிரீட் போடும் நாளில் கம்பிக்கு அடியில் ஓட்டுச் சில்லையோ ஜல்லியையோ வைத்திருக்கிறார்களா, மறைப்பு அளவுக்குச் செய்த கவர் பிளாக் கட்டைகளை வைத்திருக்கிறார்களா என்று குனிந்து பாருங்கள். ஸ்கேல் வைத்து அளக்க யாருடைய அனுமதியும் வேண்டாம்.

உச்சிப்புளியிலிருந்து ராமேசுவரம் வரை மணற்பாங்கான இடங்களில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிய படலமாகத்தான் நிற்கிறது. பொதுக் கழிப்பறையின் உறிஞ்சுகுழியை ஊற்றுக்கு அருகே தோண்டினால் அந்தப் படலமே கெடும். இடத்தைக் குறிக்கும் நாளில் சுற்றியுள்ள கிணறுகளையும் வரைபடத்தில் குறிக்கச் சொல்லுங்கள். மேல்நிலைத் தொட்டி என்றால், அதை நிரப்பும் நீராதாரம் எது, காவிரிக் கூட்டுக் குடிநீர்க் குழாயிலிருந்து இணைப்பு கிடைக்குமா என்பது மதிப்பீட்டுக்கு முன்பே முடிவாக வேண்டும். மின் இணைப்பு ஊராட்சி பெயரில், மாதக் கட்டணமும் பராமரிப்பவர் கூலியும் எந்தக் கணக்கிலிருந்து என்ற வரியோடு, அதே கிராம சபைத் தீர்மானத்தில் பதிவாகட்டும்.