501-வது யூனிட்டுக்கு 243 ரூபாய்

கத்திரி வெயில் முடிந்து வரும் ஈபி பில்லைப் பார்த்து வேலூரில் பல வீடுகளில் கேட்கும் கேள்வி இது: "போன தடவையைவிடக் கொஞ்சம்தானே கூட ஓடியிருக்கு, பில் மட்டும் ஏன் இப்படி?" மீட்டர் பழுது என்று எழுதிக் கொடுப்பதற்கு முன், கட்டணம் எந்த இடத்தில் எகிறுகிறது என்று பார்த்துவிடுங்கள்.

தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங். முதல் 100 யூனிட் இலவசம். 2016 மே மாதம் வந்த சலுகை அது. 2024 ஜூலையில் உயர்த்தப்பட்ட கட்டணப்படி 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.35 ரூபாய், 400 வரை 4.70, 500 வரை 6.30. சரியாக 500 யூனிட் ஓடினால் 235, 940, 630 சேர்ந்து 1,805 ரூபாய்.

யூனிட் கூடக் கூட விலை இப்படிப் படிப்படியாக ஏறுகிறது. இதுவரை, மேல் படிக்கு ஏறினாலும் கீழ்ப் படியில் ஓடிய யூனிட்டின் விலை மாறாது. 500-ஐத் தாண்டினால் மாறும். 101 முதல் 200 வரை கிடைத்த பாதி விலைச் சலுகை போய், அந்த 100 யூனிட்டுக்கும் 4.70 விழும். அதில் கூடுவது 235 ரூபாய். 501-வது யூனிட்டின் விலை 8.40. ஆக ஒரே ஒரு யூனிட்டுக்கு 243 ரூபாய் 40 காசு! அதன் பிறகு 601-லிருந்து 9.45, 801-லிருந்து 10.50, ஆயிரத்துக்கு மேல் 11.55.

60 நாளுக்கு 500 என்றால் நாளுக்கு எட்டே கால் யூனிட்டுக்குச் சற்று மேல். ஒன்றரை டன் ஏசி மணிக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் இழுக்கும். இரவு எட்டு மணி நேரம் ஓடினால் அதிலேயே தீர்ந்தது. 75 வாட் பழைய ஃபேன் தினம் 16 மணி நேரம் சுற்றினால் இரண்டு மாதத்தில் 72 யூனிட். குறைந்த மின்சாரத்தில் ஓடும் புது வகை மோட்டார் கொண்ட 28 வாட் பிஎல்டிசி ஃபேனுக்கு 27 போதும். எல்லையை ஒட்டி நிற்கும் வீட்டில் முதலில் மாற்ற வேண்டியது ஃபேனைத்தான்.

மாடியும் கீழ்வீடும் ஒரே மீட்டரில் இருந்தால் நிலைமை இன்னும் மோசம். ஆளுக்கு 300 யூனிட் ஓடினால் மொத்தம் 600, பில் 2,880 ரூபாய். தனித்தனி இணைப்பாக இருந்தால் வீட்டுக்கு 705, இரண்டுக்கும் 1,410. சப் மீட்டர் வைத்து வாடகைக்காரரிடம் வசூலிப்பவர்கள் இந்த வித்தியாசத்தை அவர் தலையிலேயே முழுதாகக் கட்டுவது அநியாயம்.

ப்ரீபெய்டு மீட்டரிலும் படிகள் உண்டு. தென்னாப்பிரிக்காவின் சில நகரங்களில் 20 இலக்க எண்ணை மீட்டரில் அழுத்தி யூனிட் ஏற்றுவார்கள். மாதத்தின் முதல் ரீசார்ஜுக்குக் கிடைக்கும் அளவு யூனிட், அதே பணத்துக்கு மாதக் கடைசியில் கிடைக்காது. அதற்குள் மேல்படிக்கு ஏறியிருப்பார்கள். அடுத்த மாதம் எண்ணிக்கை மறுபடி பூஜ்யத்திலிருந்து.

மேல் படிக்கு ஏறியதை அங்கே ரீசார்ஜே உணர்த்திவிடும்; நமக்கு பில் வரும்வரை அப்படி உணர்த்த எதுவும் இல்லை. மீட்டரை நாமேதான் பார்க்க வேண்டும். டிஜிட்டல் மீட்டரில் தேதி, நேரம், வோல்டேஜ் எல்லாம் மாறி மாறி ஓடும். கிலோவாட்-மணி என்று வரும் எண்ணை மட்டும் எடுங்கள். கடைசி ரீடிங் 14,260 என்றால் 14,760 உங்கள் எல்லை. அதை மீட்டர் பெட்டியிலேயே எழுதி ஒட்டி, 30-வது நாளிலும் 45-வது நாளிலும் பாருங்கள். கணக்கெடுக்க வருபவர் நாலு நாள் தாமதித்தால் அந்த நாலு நாள் ஏசியும் இதே கணக்கில்தான் விழும். அதனால் 45-வது நாளில் 350 யூனிட்டுக்குள் நிற்கப் பாருங்கள்.