சிவப்புப் பொட்டுக்குப் பின்னால் ஒரு பைட்

பினாங்கு பாயான் லெப்பாஸ் அலுவலகத்தில் என் பக்கத்து இருக்கைத் தம்பி போன வாரம் 23 பிரேக்பாயிண்ட் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிரேக்பாயிண்ட் என்றால், ‘இந்த வரிக்கு வந்ததும் நில்’ என்று நிரலில் வைக்கும் சிவப்புப் பொட்டு. உணவகங்களுக்குப் பில் போடும் நிரல். ஒரே ஒரு பில்லில் 5 சென் கணக்கு உதைக்கிறது. நிரல் நிற்க நிற்க ‘தொடர்’ பொத்தானைத் தட்டிக்கொண்டே போனார். தப்பு நடந்த இடத்தில் நின்றபோதும் கை பழக்கத்தில் தட்டிவிட்டது. “போச்சுண்ணே, மறுபடி முதல்லேர்ந்து” என்றார்.

பிரேக்பாயிண்ட் சும்மா கிடைப்பதில்லை. சி++ போன்ற மொழியில் எழுதிய நிரலில் ஒரு வரிக்குச் சிவப்புப் பொட்டு வைத்ததும், டிபக்கர், அதாவது நிரலில் தப்பைத் தேட உதவும் மென்பொருள், அந்த வரியின் முதல் கட்டளையிலிருந்து ஒரு பைட்டை (நினைவகத்தில் இருக்கும் ஒரு சின்ன எண்) எடுத்துப் பத்திரப்படுத்திவிட்டு, அந்த இடத்தில் 204 என்று எழுதிவிடும். இன்டெல் வகை பிராசசருக்கு அங்கே 204 என்றால் ‘நில்’. அதில் முட்டியதும் பிராசசர் ஆபரேட்டிங் சிஸ்டத்தைக் கூப்பிடும். அது நிரலை உறங்க வைத்துவிட்டு டிபக்கரை எழுப்பும். நீங்கள் ‘தொடர்’ என்றதும், டிபக்கர் பழைய பைட்டைத் திருப்பி வைத்து, அந்த ஒரு கட்டளையை மட்டும் ஓடவிட்டு, மறுபடி 204-ஐ எழுதி, அப்புறம்தான் நிரலை அவிழ்த்துவிடும்.

‘பில் எண் 41207 வந்தால் மட்டும் நில்’ என்று நிபந்தனை போட்டாலும் பெரும்பாலும் இதே கூத்துதான். நீங்கள் பார்க்காவிட்டாலும் ஒவ்வொரு பில்லுக்கும் நிரல் நிற்கிறது. டிபக்கர் எண்ணைப் பார்த்து ‘இது இல்லை’ என்று அனுப்பிவிடுகிறது. 60,000 பில் என்றால் 60,000 தடவை. தம்பி கீழே போய்க் கோப்பி குடித்துவிட்டு வந்தும் அது முடியவில்லை. அந்த நிபந்தனையை நிரலுக்குள்ளேயே ஓர் இஃப் வரியாக எழுதி, அதற்குள் பொட்டு வைத்தால் ஒரே முறைதான் நிற்கும். பார்க்க அழகில்லைதான், வேலை முடிந்ததும் அழிக்கவும் வேண்டும். ஆனால் நொடியில் வந்துவிட்டது.

மற்ற 23-ஐயும் அணைக்கச் சொன்னேன். அழிக்க வேண்டாம், அணைத்தால் போதும், இடம் நினைவிருக்கும்.

சரி, தொகையைக் கெடுப்பது யார்? அதற்கு வரியைக் காவல் காப்பதை விட மாறியை, அதாவது தொகையை வைத்திருக்கும் நினைவக இடத்தை, காவல் காப்பது மேல். 1985-இல் வந்த இன்டெல் 386 சிப்பிலிருந்தே இதற்கென்று பிராசசருக்குள் தனி இடம் உண்டு: நாலு முகவரிகள், அவ்வளவுதான். அதில் ஒன்றில் யாராவது எழுதினால், எழுதி முடித்த கையோடு பிராசசரே நிறுத்திவிடும். இங்கே பைட் மாற்றும் வேலையே இல்லை, வேகமும் குறையாது. நாலுதான் என்பதால் எதைக் காவல் காப்பது என்று யோசித்தாக வேண்டும். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை.

தள்ளுபடி மாறிக்குக் காவல் போட்டோம். 18.90 ரிங்கிட் சாப்பாடு, 10 விழுக்காடு தள்ளுபடி. முதல் முறை நின்றபோது 1.89. அது சரி. இரண்டாவது முறை நின்றபோது 1.90. ரவுண்டு செய்யும் ஃபங்ஷன் அங்கே நின்றுகொண்டிருந்தது. கடைசித் தொகையை மட்டும் கிட்டத்தில் உள்ள 5 சென்னுக்கு ஒட்ட வேண்டியது, தள்ளுபடியையும் ஒட்டியிருக்கிறது. 17.01-க்கு 6 விழுக்காடு சேவை வரி சேர்த்தால் 18.03, ஒட்டினால் 18.05. 17.00 என்றால் 18.02, அது 18.00 ஆகிவிடும்.

“நான் அந்த ஃபங்ஷன்ல பொட்டே வைக்கலண்ணே” என்றார் தம்பி.