பால் வேண்டாம், முதலில் சூடு கொடுங்கள்

சனிக்கிழமை காலை. மருத்துவமனைக் கதவைத் திறந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை. குளியல் துண்டில் சுற்றிய எதையோ மார்போடு அணைத்தபடி ஓர் இளைஞர் உள்ளே வந்தார். பின்னாலேயே அவர் மனைவி, கையில் பால்புட்டி. சிட்னியிலிருந்து டப்போ மிருகக்காட்சிசாலையைப் பார்க்கக் கிளம்பி வந்தவர்கள். முந்தின நாள் பொழுது சாயும் நேரத்தில், சாலையோரம் அடிபட்டுச் செத்துக் கிடந்த கங்காருவின் பை அசைவதைப் பார்த்து வண்டியை நிறுத்தியிருக்கிறார்கள். குட்டியை எடுத்து வந்து, தங்கியிருந்த அறையில் இரவு முழுக்க மாறி மாறிக் கண்விழித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

என் பெயர்ப்பலகையைப் பார்த்ததும், "அக்கா, தமிழா? பசியில கத்திக்கிட்டே இருந்துச்சு. மூணு தடவை பால் குடுத்தோம்" என்றார். கடையில் வாங்கிய மாட்டுப்பால்.

கீழைச் சாம்பல் கங்காருவின் பெண்குட்டி அது. எடை 1 கிலோவுக்குச் சற்று மேல். உடம்பில் பட்டுப்போல முடி அப்போதுதான் அரும்பியிருந்தது. கங்காருவுக்கு இயல்பான உடல் வெப்பம் 36 டிகிரியை ஒட்டி இருக்கும். இதற்கு 31. வால் அடியெல்லாம் கழிச்சல் ஒட்டிக் காய்ந்திருந்தது.

நியூ சவுத் வேல்ஸின் மேற்குப் பக்கம் ஒரு சிற்றூரில் நான் கால்நடை மருத்துவர். தாயை இழந்த குட்டிகள் வருடம் முழுக்க இங்கே வந்துகொண்டுதான் இருக்கின்றன. மழையில்லாத மாதங்களில் இன்னும் கூடுதல். தார்ச்சாலையிலிருந்து வழியும் கொஞ்சநஞ்ச ஈரத்தில் ஓரத்துப் புல் மட்டும் பச்சையாக இருக்கும். அதை மேய கங்காருக்கள் வரும். அந்தி மயங்கும் வேளையிலும் விடியற்காலையிலும் வண்டிகளில் அடிபடும். குட்டியைக் கொண்டுவருபவர்கள் எல்லோருமே இரக்கமுள்ளவர்கள். அந்த இரக்கத்தோடு கொடுத்த பாலாலேயே குட்டி சாவதைப் பார்ப்பதுதான் எனக்குத் தாங்க முடியாத வேதனை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பைக்குள் இருக்கும் வயதில் குட்டியால் தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது. தாயின் பைதான் அதற்கு அடுப்பு. தாய் செத்த நிமிடத்திலிருந்து குட்டி குளிர ஆரம்பிக்கிறது. உடம்பு குளிர்ந்துவிட்டால் குடலும் வேலையை நிறுத்திவிடும். அப்போது ஊட்டும் பால் செரிக்காமல் வயிற்றிலேயே கெட்டுப்போகும், அல்லது விழுங்கத் தெம்பில்லாமல் நுரையீரலுக்குள் இறங்கும். குட்டி கத்துவது பசியால் என்று நமக்குத் தோன்றும். அது அம்மாவைக் கூப்பிடும் சத்தம். சில மணி நேரம் பாலில்லாமல் குட்டி தாங்கும். குளிரைத் தாங்காது.

ஆகவே முதல் வேலை சூடு. பருத்தித் தலையணை உறைக்குள் குட்டியை விட்டு, அதன்மேல் கம்பளித் துணி சுற்றி, உங்கள் சட்டைக்குள் உடம்போடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். வெந்நீர்ப் பை இருந்தால் துணியில் நன்றாகச் சுற்றி வெளிப்பக்கமாக வையுங்கள், தோலில் நேரடியாகப் படக்கூடாது. முடி முளைத்த குட்டிக்கு உறைக்குள் 28 டிகிரி போதும். முடியே இல்லாத இளஞ்சிவப்புக் குட்டிக்கு 32 டிகிரியாவது வேண்டும். அப்புறம் இருட்டு, அமைதி. பாட்டு வேண்டாம், நாய் பக்கத்தில் வரவேண்டாம், பிள்ளைகள் ஆளுக்கொரு முறை தூக்கிப் படமெடுக்கவும் வேண்டாம். பயந்த கங்காருவின் தசைகள் பயத்தினாலேயே சிதையும். மயோபதி என்போம். மேலுக்கு நன்றாக இருக்கும் குட்டி சில நாள் கழித்துக்கூட இதனால் விழுந்துவிடும். பிழைத்தாலும் காலம் முழுக்க நொண்டலாம்.

பையைப் பார்க்க இறங்கும்போது முதலில் உங்கள் பாதுகாப்பு. வண்டியை ஓரங்கட்டி விளக்கைப் போடுங்கள், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். தாய் உண்மையிலேயே இறந்துவிட்டதா என்று பாருங்கள். குற்றுயிராக இருந்தால் கிட்டே போகாமல் வனவிலங்கு மீட்புக் குழுவை அழையுங்கள். குட்டி சிறியதாக இருந்தால் காம்பு அதன் வாய்க்குள் உப்பிப் பூட்டிக்கொண்டிருக்கும். இழுக்காதீர்கள், வாய் கிழிந்துவிடும். தாயின் உடம்பை ஒட்டிக் காம்பைக் கத்தரித்து, அறுந்த நுனியை உறைத்துணியோடு ஊக்கு போட்டு மாட்டிவிடுங்கள், விழுங்காமல் இருக்கும். செத்த தாயைச் சாலையைவிட்டு நன்றாகத் தள்ளி இழுத்துப் போடுவதும் நல்லது. இல்லாவிட்டால் அதைத் தின்ன வரும் கழுகு அடுத்த வண்டியில் அடிபடும்.

இனி பால். கங்காரு பிறக்கும்போது ஒரு கிராம்கூடத் தேறாது. மீதி வளர்ச்சியெல்லாம் பைக்குள், பாலைக் குடித்துத்தான். சாம்பல் கங்காருவுக்குக் கிட்டத்தட்ட 11 மாதம் அந்த வாழ்க்கை. இவ்வளவு நீண்ட காலத்துக்கும் தாய் ஒரே பாலைக் கொடுப்பதில்லை. ஆரம்பத்தில் நீர்த்த, சர்க்கரை மிகுந்த, கொழுப்புக் குறைந்த பால். குட்டி பையைவிட்டு இறங்கும் காலத்தில் அதுவே கொழுப்பு ஏறிக் கெட்டிப்படும், சர்க்கரை குறைந்துவிடும். இன்னும் ஒன்று சொல்கிறேன். வெளியே துள்ளித் திரியும் அண்ணன் தலையை மட்டும் பைக்குள் நீட்டித் தன் பழைய காம்பில் குடித்துக்கொண்டிருப்பான். உள்ளே இருக்கும் பச்சைக்குட்டி வேறு காம்பில் தொங்கும். ஒரே தாய், ஒரே ரத்தம், பக்கத்துப் பக்கத்துக் காம்பு. ஆனால் இரண்டிலும் வெவ்வேறு பால். இத்தனை வருடம் ஆகியும் இதை நினைத்தால் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

மாட்டுப்பாலின் சர்க்கரையான லாக்டோஸைச் செரிக்க இந்தக் குட்டிகளின் குடலுக்குத் தெம்பில்லை. முதலில் கழிச்சல், பிறகு நீர்வற்றல். தொடர்ந்து கொடுத்தால் கண்புரைகூட விழும். கங்காருவுக்கென்றே தயாரிக்கும் வாம்பரூ போன்ற பால்பொடியின் பொட்டலத்தில் 0.4, 0.6, 0.7 என்று எண்கள் இருக்கும். பைவாழ்க்கையில் குட்டி எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதற்கான கணக்கு அது. பாதத்தையும் வாலையும் அளந்து, அட்டவணை பார்த்து வயதைக் கணித்துத்தான் பாலைத் தேர்ந்தெடுக்கிறோம். கண்ணால் பார்த்து மதிப்பிடும் வேலை இல்லை இது.

வளர்ப்பவர்களின் உழைப்பைப் பக்கத்தில் இருந்து பார்த்தால்தான் புரியும். சின்னக் குட்டிக்கு இரவும் பகலும் மூன்று நான்கு மணிக்கொரு முறை பால். ஒவ்வொரு முறையும் ஈரப்பஞ்சால் மெல்லத் தடவிவிட்டால்தான் சிறுநீர் இறங்கும், தாய் நக்கிவிடுவதைப்போல. புல் கடிக்கத் தொடங்கும் பருவத்தில் காக்சிடியா என்னும் குடல் ஒட்டுண்ணி வரும். நம்மூர்க் கோழிக்குஞ்சுகளுக்கு வரும் ரத்தக்கழிச்சலின் சொந்தக்காரன்தான். சாம்பல் கங்காருவை அது சட்டென்று கொன்றுவிடும். இதற்கெல்லாம் பயிற்சி வேண்டும், உரிமமும் வேண்டும். நியூ சவுத் வேல்ஸில் 1985 முதல் இயங்கும் வயர்ஸ் போன்ற வனவிலங்கு மீட்புக் குழுக்கள் பயிற்சி தந்துதான் குட்டியைக் கையில் கொடுக்கின்றன. உரிமம் இல்லாமல் வீட்டில் வைத்து வளர்ப்பது சட்டப்படி குற்றம்.

சட்டத்தைவிட எனக்குப் பெரிய காரணம் வேறு. தனியாக, மனிதர் மடியில், நாயோடு விளையாடி வளர்ந்த கங்காரு நாயைக் கண்டால் ஓடாது. காட்டில் அதற்கு அதுவே முடிவு. கங்காருவின் சிறிய உறவினமான சதுப்பு வாலபி போன்ற கூச்ச சுபாவமுள்ள இனங்களை இன்னும் ஒதுக்கமாக வைத்துத்தான் வளர்க்க வேண்டும். எனவே குட்டியைச் சீக்கிரம் ஒப்படைத்துவிடுங்கள். "நாங்களே வளர்க்கிறோமே" என்று கேட்பவர்களின் முகம் வாடுவதைப் பார்க்கக் கஷ்டமாகத்தான் இருக்கும். இருந்தாலும் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

அந்தச் சனிக்கிழமைக் குட்டி ஐந்து மணி நேரம் கதகதப்பில் கிடந்த பிறகுதான் காதை அசைத்தது. தோலுக்கடியில் திரவம் ஏற்றி, மறுநாள் நீர்த்த பாலில் ஆரம்பித்தோம். பத்து நாள் கழித்து ஒரு வளர்ப்பாளர் வீட்டில், அதே அளவுள்ள இன்னொரு குட்டியோடு சேர்த்தாயிற்று. எல்லாக் குட்டிக்கும் இப்படி நடப்பதில்லை. கண் திறக்காத, முடியில்லாத மிகச் சின்னக் குட்டிகள் பலவற்றை நான் ஊசி போட்டு வலியில்லாமல் அனுப்பி வைக்கிறேன். அந்த வேலை பழகவே இல்லை.

"நாங்க வேற என்னதான் செய்யலாம், அக்கா?" என்று அந்தத் தம்பி பிறகு போனில் கேட்டார். உறை தைத்து அனுப்பச் சொன்னேன். ஒரு குட்டிக்கு நாளொன்றுக்கு ஆறேழு உள்ளுறை அழுக்காகும். சுத்தப் பருத்தியாக இருக்க வேண்டும், தையல் விளிம்பு உள்ளே தெரியக்கூடாது, பிசிர் நூல் குட்டியின் நகத்தில் மாட்டும். ஊரிலிருந்து மகனைப் பார்க்க வந்திருந்த அவர் அம்மா, பழைய வேட்டிகளை வெட்டிப் பன்னிரண்டு உறை தைத்து அனுப்பினார். ஒவ்வொன்றையும் உள்பக்கம் திருப்பி விரல்விட்டுத் தடவிப் பார்த்தேன். ஒரு நூல்கூடத் தட்டுப்படவில்லை.