வைப்பர் நின்றால் முதலில் மோட்டரைக் கழற்றாதீர்கள்

மே மாதம் பிறந்து, தென்மேல் பருவமழை கினிகத்தேனை, வட்டவளைப் பக்கம் கொட்டத் தொடங்கினால் பழைய கார்கள் ஒவ்வொன்றாகக் கராஜுக்கு வர ஆரம்பிக்கும். மொரிஸ் மைனர், ஒஸ்டின், இடைக்கிடை ஒரு மினி. கொண்டுவருபவர் சொல்வது பெரும்பாலும் ஒரே கதைதான்: "பாஸ், வைப்பர் மோட்டர் செத்துப்போச்சு. கொழும்பு பஞ்சிகாவத்தைப் பழைய சாமான் கடையில ஒன்னு சொல்லி வைக்கவா?"

கொஞ்சம் பொறுங்க சேர் என்பேன். அந்தக் காலத்து லூக்காஸ் கம்பனி மோட்டர் அவ்வளவு லேசில் சாகாது. அதற்கு முன்னாலும் பின்னாலும் இருக்கும் சாமான்கள்தான் அதைத் திணறடிக்கின்றன. எலெக்ட்ரிக் வேலை செய்கிறவன் நானே சொல்கிறேன், இந்த வருத்தத்தில் பாதி எலெக்ட்ரிக்கே இல்லை.

வைப்பர் கைகள் இரண்டையும் கண்ணாடியில் படாமல் தூக்கிவிட்டு ஸ்விட்சைப் போட்டுப் பாருங்கள். கை தூக்கியிருக்கும்போது சுறுசுறுப்பாக ஓடி, இறக்கியதும் முக்கினால் கோளாறு கண்ணாடிப் பக்கம். ரப்பர் இறுகியிருக்கலாம், அல்லது யாரோ பொருத்தமில்லாத நீளமான பிளேட் மாட்டியிருக்கலாம். லொறிப் புகையின் எண்ணெய்ப் படலமும் உண்டு. சோப்புத் தண்ணீரில் கண்ணாடியையும் ரப்பரையும் கழுவினாலே சில கார்கள் சரியாகிவிடும். பிளேட் தடதடவென்று குதித்தால் கை முறுகியிருக்கிறது. ரப்பர் கண்ணாடிக்கு நேர்குத்தாக நிற்கும்படி மெதுவாகத் திருப்பிவிட வேண்டும்.

கை தூக்கியும் மந்தம் என்றால் அடுத்த சந்தேகம் ரெக் கேபிள். மைனர், மினி போன்ற கார்களில் மோட்டர் நேராக வைப்பரைச் சுற்றுவதில்லை. பல் வெட்டிய ஒரு கேபிளை இரும்புக் குழாய்க்குள் முன்னும் பின்னும் இழுக்கிறது. அந்தக் கேபிள், வைப்பர் கைகளுக்கு அடியில் உள்ள இரண்டு வீல் பொக்ஸ்களில் இருக்கும் சின்னப் பற்சக்கரங்களைத் திருப்புகிறது. ஐம்பது அறுபது வருடத்து கிரீஸ் அதற்குள் மெழுகாக இறுகிப் போயிருக்கும். நுவரெலியாவில் ஜனவரி விடியற்காலைக் குளிரில் அது இன்னும் கெட்டி. மத்தியானம் ஓடிய வைப்பர் காலையில் ஓடவில்லை என்றால் நான் மீட்டரை எடுக்கவே மாட்டேன்.

இதற்கு லூக்காஸ் கம்பனியே ஒரு கணக்குக் கொடுத்திருக்கிறது. வைப்பர் கைகளைக் கழற்றிவிட்டு, மோட்டரிலிருந்து பிரித்த கேபிள் நுனியில் வில்தராசைக் கொழுவி இழுத்தால் 6 இறாத்தலுக்குள், அதாவது 2.7 கிலோவுக்குள் நகர வேண்டும். மீன் நிறுக்கும் சின்னத் தராசே போதும். (கொழுந்துத் தராசு கொண்டுவராதீர்கள், அதில் இது முள்ளைக்கூட அசைக்காது.) அதற்கு மேல் போனால் கேபிளை வெளியே இழுத்து, மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, புதுக் கிரீஸ் பூசி ஏற்றுங்கள். குழாய் எங்காவது நசுங்கியிருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும். வீல் பொக்ஸ் பல் தேய்ந்திருந்தாலும் பயப்பட வேண்டாம். சக்கரம் முழுச்சுற்றுச் சுற்றுவதில்லை, ஒரு பக்கப் பற்கள்தான் வேலை செய்கின்றன. கழற்றி 180 பாகை திருப்பி வைத்தால் தேயாத பக்கம் கேபிளைப் பிடிக்கும். ஓடாத வைப்பரைக் கையால் பிடித்துத் தள்ளுகிறார்களே, அந்தப் பற்கள் உடைவது அப்படித்தான்.

இனி கரண்ட் பக்கம். மைனரில் வைப்பரோடு பிரேக் லைட்டும் சிக்னலும் சேர்ந்து போனால் ஏ4 பியூஸைப் பாருங்கள், மூன்றுக்கும் வழி அதுதான். அந்த இடத்தில் 35 ஆம்பியர் பியூஸ் இருக்கவேண்டும். சிகரெட் ஈயத்தாள் சுற்றிய பியூஸும், ஒருமுறை ஆணித்துண்டும் கண்டிருக்கிறேன். அது வைப்பரை ஓட்டும், உண்மை. வயர் எரியும்போது தடுக்க ஒன்றும் இருக்காது.

பியூஸ் சரி, வைப்பர் மட்டும் இல்லை என்றால் எர்த், அதாவது கரண்ட் காரின் பொடி (இரும்பு உடல்) வழியாகப் பெட்டரிக்குத் திரும்பும் இணைப்பு. இந்தக் கார்களில் ஸ்விட்ச் மோட்டருக்குக் கரண்ட் அனுப்புவதில்லை, எர்த்தைத்தான் இணைக்கிறது. ஸ்விட்சுக்குப் போகும் வயரை, மோட்டருக்குக் கரண்ட் கொண்டுவரும் பச்சை வயரை அல்ல, ஒரு துண்டு வயரால் பொடியில் தொட்டுப் பாருங்கள். மோட்டர் ஓடினால் ஸ்விட்சோ அதன் எர்த்தோதான் குற்றவாளி. புதிதாகப் பெயின்ட் அடித்த கார்களில் இது சகஜம், எர்த் பிடிக்கும் இடத்தைப் பெயின்ட் மறைத்துவிடும்.

மலைநாட்டுக்கென்றே ஒரு கோளாறு உண்டு. இருட்டும் நேரம், மூடுபனி, இறம்பொடை இறக்கம். லைட்டும் வைப்பரும் போட்டு மெதுவாக வருகிறீர்கள். வளைவுகளில் சில்லு ஊரும்போது எஞ்சின் சுற்று குறைய, பழைய டைனமோ சார்ஜ் பண்ணுவதே இல்லை. இன்றைய ஒல்டர்நேட்டர் மாதிரி நினைக்கக்கூடாது. சுமை முழுவதும் பெட்டரியில். சார்ஜ் இல்லை என்று காட்டும் சிவப்பு லைட் மினுங்க, வைப்பர் தூங்கி வழியும். ஒரு கியர் கீழே போட்டு வாருங்கள். சுற்றும் ஏறும், பிரேக்குக்கும் நல்லது.

போர்ட் 100ஈ வைத்திருப்பவர்களுக்கு இதற்கு நேர்மாறு. அதில் வைப்பர் ஓடுவது எஞ்சின் உறிஞ்சும் காற்றில். ஏற்றத்தில் எக்ஸிலரேட்டரை அமுக்க அமுக்க அந்த உறிஞ்சல் குறையும், மழைக்கு நடுவே வைப்பர் நின்றுபோகும். காலை எடுத்தால் பறக்கும். அமைப்பே அப்படித்தான். ஆனால் ரப்பர் குழாய் வெடித்திருந்தால் நிலைமை இன்னும் மோசமாகும், அதை மாற்றுவது பெரிய செலவல்ல.

பழைய டிரைவர்மார் வெட்டிய உருளைக்கிழங்கைக் கண்ணாடியில் தேய்ப்பார்கள். நடுவழியில் நின்றவருக்குக் கொஞ்சத் தூரத்துக்கு உதவும், வெலிமடைப் பாதையில் கிழங்குக்கும் பஞ்சமில்லை. அதை நம்பி இரவில் இறங்க வேண்டாம்.

எல்லாம் பார்த்தும் மோட்டர்தான் என்றால் மூடியைக் கழற்றி, கொம்யூட்டேட்டரை (கார்பன் பிரஷ் உரசும் செம்பு வளையம்) பெற்றோல் துணியால் துடைத்து, கார்பன் பிரஷ் நீளத்தைப் பாருங்கள். பிறகும் சரிவராவிட்டால் பஞ்சிகாவத்தைக்குப் போகலாம். பழைய மோட்டரையும் கையோடு கொண்டுபோங்கள். மோட்டரின் பற்சக்கரத்தில் வைப்பர் வீசும் பாகை எண் குத்தியிருக்கும், அது ஒத்துப்போகாவிட்டால் பிளேட் கண்ணாடிச் சட்டத்தில் போய் இடிக்கும். பெட்டரியின் பொசிட்டிவ் முனையைப் பொடியில் இணைத்த பொசிட்டிவ் எர்த் காராக இருந்தால் கடைக்காரரிடம் அதையும் சொல்லுங்கள். கம்பிச்சுருள் போட்ட பழைய மோட்டர் எப்படிக் கொடுத்தாலும் ஒரே பக்கம்தான் சுற்றும், நிலைக்காந்தம் வைத்த பிற்கால மோட்டர் தலைகீழாகச் சுற்றும்.