அறுவை அரங்கில் யார் பேசலாம்?

2005 மார்ச் மாதம், இங்கிலாந்து. சைனஸ் தொந்தரவுக்கான சாதாரண அறுவை சிகிச்சைக்காக 37 வயதுப் பெண் ஒருவர் மருத்துவமனையில் சேர்ந்தார். இரண்டு சிறு குழந்தைகளின் தாய். மயக்க மருந்து கொடுத்த சில நிமிடங்களிலேயே மூச்சுப்பாதை அடைபட்டது. உடலில் ஆக்சிஜன் இறங்கிக்கொண்டே போனது. அனுபவம் மிக்க மூன்று மூத்த மருத்துவர்கள் மாறி மாறித் தொண்டை வழியாகக் குழாய் செலுத்த முயன்றார்கள். அந்த நிலையில் கழுத்தில் துளையிட்டு மூச்சுக்கு வழி செய்வதுதான் முறை. அங்கிருந்த செவிலியர் ஒருவர் அதற்கான கருவித் தட்டை எடுத்துவந்து, தயாராக இருப்பதாகச் சொன்னார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இன்னொரு செவிலியர் தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்கைக்குச் சொல்லிவிட்டு வந்தார். மருத்துவர்கள் பார்த்த பார்வையில், தான் அவசரப்பட்டுவிட்டோமோ என்று தோன்ற, அதை ரத்து செய்துவிட்டார். சில நாட்களில் அந்தப் பெண் இறந்துபோனார்.

என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தவர்கள் அந்த அறையிலேயே இருந்தார்கள். அதை எப்படி எடுத்துச் சொல்வது என்றுதான் அவர்களுக்குத் தெரியவில்லை. விசாரணையில் அப்படித்தான் சொன்னார்கள். மயக்கவியல் மருத்துவராக இருக்கும் எனக்கு, இந்தச் சம்பவத்தில் மருந்தையும் கருவியையும்விட இந்த மௌனம்தான் அதிகம் உறுத்துகிறது.

இறந்த பெண்ணின் கணவர் மார்ட்டின் புரோமிலி ஒரு விமானி. விமானத் துறை இதே பாடத்தை 1977-இல், ஸ்பெயினின் டெனரீஃப் தீவில் இரண்டு விமானங்கள் ஓடுபாதையில் மோதிய விபத்தில், 583 உயிர்களைக் கொடுத்துக் கற்றிருந்தது. ஓடுபாதையில் இன்னொரு விமானம் நிற்கிறதோ என்று, புறப்பட்டுக்கொண்டிருந்த விமானத்தின் பொறியாளர் கேட்டார். அதை உதறிவிட்டுத் தலைமை விமானி வேகத்தைக் கூட்டினார். அதன் பிறகு, சக ஊழியர் சொல்வதைக் காதில் வாங்குவதே விமானிகளின் பயிற்சியில் ஒரு பாடமாயிற்று. மருத்துவத்திலும் அப்படி ஒரு பயிற்சி வேண்டும் என்று புரோமிலி 2007-இல் ஓர் அமைப்பைத் தொடங்கினார்.

நம் ஊர் அரங்குகளில் இந்தத் தயக்கம் இன்னும் ஆழமானது. பெரியவர்களை எதிர்த்துப் பேசாதே என்று சொல்லி வளர்க்கப்பட்ட பிள்ளைகள்தான் நம் செவிலியர்களும் பயிற்சி மருத்துவர்களும். அவர்கள் வாயிலிருந்து எச்சரிக்கை நேராக வராது. "சார், ஒருமுறை பார்த்துவிடலாமா?" என்று இழுத்தபடி வரும். மரியாதையில் பொதிந்த அந்த இழுப்பில் உண்மையான பயம் இருக்கலாம். அதைக் கேட்டுப் பிடித்துக்கொள்ள வேண்டிய பொறுப்பு மூத்தவருடையது என்பேன்.

பெயர் தெரியாமல் இருப்பது இன்னொரு குறை. ஒரே அரங்கில் நான்கு பேரும் "சிஸ்டர்". உதவியாளர் எவரானாலும் "தம்பி". சாதாரண நேரத்தில் இதனால் ஒன்றும் ஆகாது. ஆனால் நோயாளியின் இதயம் நின்ற நேரத்தில் "யாராவது அட்ரினலின் போடுங்கள்" என்று கத்தினால் இருவர் மருந்தை எடுப்பார்கள், அல்லது ஒருவரும் எடுக்க மாட்டார்கள். "மேரி, அட்ரினலின் ஒரு மில்லிகிராம்" என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். அவரும் "அட்ரினலின் ஒரு மில்லிகிராம் போட்டுவிட்டேன்" என்று திருப்பிச் சொல்ல வேண்டும். அப்போதுதான் சொன்னது போய்ச் சேர்ந்தது என்று அர்த்தம். அறுவை சிகிச்சைத் திட்டத்தில் வந்த மாற்றத்தை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு, நீல டிக் விழுந்ததைப் பார்த்து நிம்மதியாக இருப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

உலக சுகாதார நிறுவனம் 2008-இல் வெளியிட்ட அறுவை சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலில், கத்தி வைப்பதற்கு முன் எல்லோரும் தங்கள் பெயரையும் பொறுப்பையும் சொல்ல வேண்டும் என்று இருக்கிறது. புது தில்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் இதைச் சோதித்து, 2009-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மரணம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகவும், சிக்கல்கள் 11-இலிருந்து 7 ஆகவும் குறைந்திருந்தன. பட்டியலில் உள்ள 19 அம்சங்களில் எதனால் எவ்வளவு பலன் என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் பெயர் சொல்லும் அந்த அரை நிமிடத்தை நான் விட்டுக்கொடுப்பதில்லை. ஒருமுறை குரல் கொடுத்தவருக்கு இரண்டாவது முறை பேசுவது எளிது. பல இடங்களில் அறுவை சிகிச்சை முடிந்த பிறகு ஒருவர் உட்கார்ந்து மொத்தமாக டிக் போடுகிறார். அது நோயாளிக்குச் செய்யும் துரோகம்.

குடலிறக்க அறுவை சிகிச்சை ஒன்று நினைவுக்கு வருகிறது. பலகையில் வலது பக்கம் என்று எழுதியிருந்தது. படிப்பு முடித்துப் புதிதாகச் சேர்ந்திருந்த செவிலியர், "சார், ஒரு நிமிடம். ஒப்புதல் படிவத்தில் இடது என்று இருக்கிறது" என்றார். குரல் நடுங்கியது. அறுவை மருத்துவர் கையை எடுத்துவிட்டுப் படிவத்தைப் பார்த்தார், நோயாளியின் உடலில் போட்டிருந்த அடையாளத்தைப் பார்த்தார். இடதுதான். அந்தச் செவிலியரின் பெயரைச் சொல்லி, எல்லோர் முன்னாலும் நன்றி சொன்னார். அதற்குப் பின் அந்த அரங்கில் மற்றவர்களும் பேசத் தொடங்கினார்கள். அன்று அவர் சொன்னது தவறாகவே இருந்திருந்தாலும் அதே நன்றி கிடைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் முழு நிச்சயம் இருந்தால்தான் பேசலாம் என்று ஆகிவிடும். ஆபத்து நேரத்தில் யாருக்குமே முழு நிச்சயம் இருக்காது.

"ஏதாவது சந்தேகம் இருக்கிறதா?" என்று கேட்டால் எல்லோரும் தலையை ஆட்டிவிடுவார்கள். நான் இப்போது கேட்பது வேறு: "இந்த கேஸில் எங்கே சிக்கல் வரலாம்?" கேட்கும்போது வயதில் இளையவரிடமிருந்து தொடங்குகிறேன். மூத்தவர் முதலில் கருத்துச் சொல்லிவிட்டால் மற்றவர்கள் அதையே வழிமொழிவார்கள். ஒப்பந்தத்தில் வேலை செய்யும் உதவியாளரையும் விடுவதில்லை. கருவிகளை நாள் முழுவதும் கையாளுபவர் அவர்தான். ஒரு காலையில் அவர், "சக்‌ஷன் நேற்றிலிருந்தே சரியாக இழுக்கவில்லை சார்" என்றார். சளியையும் இரத்தத்தையும் உறிஞ்சி எடுக்கும் இயந்திரம் அது. ஏன் நேற்றே சொல்லவில்லை என்று கேட்டதற்கு, யாரும் கேட்கவில்லை என்றார். வேறு இயந்திரத்தைக் கொண்டுவந்து பொருத்திச் சோதித்த பிறகே அன்று நோயாளியை உள்ளே அழைத்தோம்.